தோள்வலியோடு புல்-அப் கம்பி வாங்கலாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 43, எடை 91 கிலோ. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பகல், இரவு என்று மாறி மாறி வரும் ஷிப்ட் வேலை. நான்கு ஆண்டுகளாக நீரிழிவு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் ஒரே மூச்சில் பன்னிரண்டு முறை பார் எடுத்தவருக்கு, அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப் செய்தவருக்கு, இப்போது ஒன்றுகூட வரவில்லை. ஷிப்ட் நேரம் ஜிம்முக்கு ஒத்துவராததால் வீட்டிலேயே ஒரு கம்பி வாங்கிவிட எண்ணுகிறார்.

அவர் பார்த்து வைத்திருப்பவை மூன்று. கதவு நிலைக்குள் முறுக்கி இறுக்கும் கம்பி ஒன்று. அதன் பெட்டியில் 200 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறது. சுவரில் போல்ட் அடித்து மாட்டுவது இன்னொன்று. தரையில் தானாக நிற்கும் பவர் டவர் மூன்றாவது. சுவரில் மாட்டுவதுதான் உறுதி என்பது அவர் எண்ணம். "வீட்டை விடும்போது ஓட்டைகளைப் பூசிவிட்டால் போதும், உரிமையாளரிடம் கேட்க வேண்டியதில்லை" என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு மாதமாக அவருக்கு வலது தோளில் வலி. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, பின்பக்கப் பையிலிருந்து பணப்பையை எடுக்கவும் சிரமம். கம்பியில் தொங்கினால் பிடிப்பு விட்டுவிடும் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். 14 வயது மகனும் தொங்கினால் உயரம் வளர்வான் என்பது வீட்டாரின் நம்பிக்கை. எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

அன்பரே, இயன்முறை மருத்துவர் என்ற முறையில் உங்கள் கேள்வியைச் சற்றே மாற்றி வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எந்தக் கம்பி நல்லது என்பதைவிட, அது எதில் தொங்கப்போகிறது, அதில் தொங்கப்போகும் தோள் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் உங்கள் வீட்டில் முடிவு செய்ய வேண்டியவை. நீங்கள் கம்பியின் விலையையும் எடைத்திறனையும் விரிவாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். தோளைப் பற்றி எழுதியதோ இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோளைப் பார்க்காமல் கம்பியைப் பார்க்காதீர்கள்

இரவில் வலி கூடுவது, கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் போவது, அதோடு நீரிழிவு. இவை மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால், ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம் இருக்கிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்போம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. நாற்பது முதல் அறுபது வயதுக்குள் வருவதே பெரும்பாலும். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கித் தடித்துச் சுருங்குவதால் கை எல்லாத் திசையிலும் படிப்படியாகத் தடைபடும். நீங்கள் எழுதியிருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோளைச் சுற்றியுள்ள தசைநார்களில் தேய்மானமோ கிழிசலோ இருந்தாலும் ஏறக்குறைய இதே தொந்தரவுகள் வரும். ஆனால் இரண்டுக்கும் சிகிச்சை வேறு, கம்பியில் தொங்குவதற்கான அனுமதியும் வேறு.

வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள். கண்ணாடி முன் நின்று இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, 90 பாகை மடக்கி, கதவைத் திறப்பதுபோல் முன்கைகளை வெளிப்புறமாகத் திருப்புங்கள். இடது கை போகும் தூரத்துக்கு வலது கை போகாவிட்டால், வேறொருவர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக வெளியே நகர்த்தட்டும். அப்போதும் ஏதோ முட்டுக் கொடுத்ததுபோல் நின்றுவிட்டால் மூட்டின் உறை இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. தானாகப் போகாத கை, பிறர் நகர்த்தினால் போகிறது என்றால் தசைநார்ப் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அன்று. மருத்துவரிடம் போகும்போது தெளிவாகச் சொல்ல உதவும், அவ்வளவே.

உங்கள் நண்பரின் யோசனையை இப்போது ஏற்க வேண்டாம். இறுகிய மூட்டை 91 கிலோ எடையைக் கொண்டு இழுத்துத் திறக்க முயன்றால் வலியும் வீக்கமும் கூடும். வலிக்குப் பயந்து கையை மேலும் அசைக்காமல் விடுவீர்கள், இறுக்கமும் கூடும். தொங்குவது ஆரோக்கியமான தோளுக்கு நல்ல பயிற்சிதான், நானே பலருக்குச் சொல்கிறேன். ஆனால் அது சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் வர வேண்டியது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசுச் சுகாதார நிலையத்தில்) உங்கள் நீரிழிவுக் கோப்பு ஏற்கெனவே இருக்கும். அடுத்த மருந்துத் தேதிவரை காத்திராமல் இந்த வாரமே போய்த் தோளைக் காட்டி, பிசியோதெரபி பரிந்துரை கேளுங்கள். தனியாரிடம் போவதானால், 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பெட்டியில் அச்சிட்ட 200 கிலோ

அந்த எண் பெரும்பாலும் இரும்புக் குழாயைப் பற்றியது. உங்கள் கதவு நிலையைப் பற்றி அதை அச்சிட்டவருக்கு ஒன்றும் தெரியாது. முறுக்கி இறுக்கும் கம்பி, இரண்டு பக்க நிலைச்சட்டங்களையும் வெளிநோக்கித் தள்ளி, அந்த உராய்வை மட்டுமே நம்பி நிற்கிறது. வண்ணம் பளபளப்பாகப் பூசிய மரச்சட்டத்தில் உராய்வு குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் ரப்பர் முனை வழுக்கும். புதிய குடியிருப்புகளில் வரும் மெல்லிய தகட்டு நிலைகளோ இறுக்க இறுக்க விலகிக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, புல்-அப் செய்யும்போது கை கம்பியைச் சற்றே சுழற்றுகிறது. எந்தத் திசையில் முறுக்கி இறுக்கினீர்களோ அதற்கு எதிர்த்திசையில் அது சுழன்றால், ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி கொஞ்சம் தளரும். பத்தாவது நாளில் திடீரென்று விழுந்தது என்பார்கள்; அது முதல் நாளிலிருந்தே தளர்ந்துகொண்டு வந்திருக்கும். இரு முனைகளையும் தாங்க, திருகாணி அடித்த கிண்ணங்களோடு வரும் கம்பிகள் இதைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் அவற்றுக்கும் நிலையில் துளை போட வேண்டும்.

இன்னொரு சிக்கல் உயரம். இங்குள்ள உள்கதவுகள் பொதுவாக 2.1 மீட்டர் உயரம். நிலைக்குள் கம்பியை உச்சியில் மாட்டினால், தாடை கம்பியைத் தாண்டும்போது தலை மேல்சட்டத்தில் இடிக்கும். தலைக்கு 30 சென்டிமீட்டராவது விட்டால் கம்பி 1.8 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். முழுத் தொங்கலுக்கு முழங்காலை மடக்கியே ஆக வேண்டும். நிலையின் மேல் விளிம்பில் கொக்கிபோல் மாட்டும் வகையில் இந்தத் தலைச் சிக்கல் இல்லை. ஆனால் அதற்குக் கதவுக்கு மேலே சுவரைவிட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் உறுதியான மரவிளிம்பு வேண்டும். இங்குள்ள பல அடுக்குமாடிகளில் அந்த விளிம்பு மெல்லியதாக, ஆணியால் ஒட்டவைத்த அலங்காரமாகவே இருக்கிறது. விரலால் அழுத்தி அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அந்த வகையும் உங்களுக்கு ஆகாது.

சுவரில் மாட்டுவது உறுதியானதா?

சுவரைப் பொறுத்தது. சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் முன்னால் கம்பி நிற்கிறது, அதன் தாங்கியில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அசையாமல் தொங்கினாலே மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 91-இன் இரு மடங்கு, அதாவது 182 கிலோ எடைக்குச் சமம். அது மேலே உள்ள போல்ட்டுகளுக்கிடையே பகிரப்படும் என்பது உண்மைதான். ஆனால் உடலை வீசி ஆட்டினாலோ, மேலிருந்து சட்டென்று விழுந்து தொங்கினாலோ விசை இன்னும் பெருகும். கான்கிரீட்டில் சரியான நங்கூர போல்ட் இதைத் தாங்கும். செங்கல் சுவரில், எந்த இடத்தில் துளை விழுகிறது என்பதைப் பொறுத்துத் தாங்கும் அல்லது தாங்காது. இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் விழுந்தால் நம்ப முடியாது. எடை குறைந்த காற்றடைப்புக் கல், ஜிப்சம் பலகைத் தடுப்பு ஆகியவற்றில் இந்த வேலையே கூடாது.

தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துளையிடும்போது வரும் தூள்தான் நேர்மையான சாட்சி. முதலில் வரும் சாம்பல் நிறம் வெறும் பூச்சு. அதன் பிறகு செந்தூள் வந்தால் சுட்ட செங்கல், சாம்பல் தூளாகவே தொடர்ந்து துளைப்பானும் திணறினால் கான்கிரீட், வெண்மையாக மாவுபோல் சுலபமாகக் கொட்டினால் எடை குறைந்த கல் அல்லது ஜிப்சம். போல்ட்டின் ஆழத்தையும் பூச்சைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும், ஏனெனில் பூச்சு எதையும் தாங்காது. மின்சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் துளையிடவே வேண்டாம்; மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் அங்கேதான் ஓடும்.

உரிமையாளரிடம் கேட்க வேண்டியதில்லை என்ற உங்கள் எண்ணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். வாடகை ஒப்பந்தங்களில் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் சுவரில் மாற்றம் செய்யக் கூடாது என்ற விதி வழக்கமாக இருக்கும்; உங்களுடையதை எடுத்துப் படியுங்கள். பெரிய போல்ட் துளைகள் சிறிய ஆணித்துளை போன்றவை அல்ல. செங்கல் உள்ளே பிளந்தால், மேலே பூசியது சில மாதத்தில் விரிசலாகத் தெரியும், அது உங்கள் வைப்புத்தொகையில்தான் கழியும். அதற்கு மேல், அடுக்குமாடிகளுக்கு 2013-ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டமும் 2015-ஆம் ஆண்டின் அதன் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். வீட்டைப் புதுப்பிக்கும் வேலைகளுக்கு நிர்வாகக் குழுவின் எழுத்துப்பூர்வ முன்னனுமதி வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. சில துளைகள் அதில் அடங்குமா என்பதை நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். மேல்தளக் கான்கிரீட்டில் கொக்கி மாட்டும் யோசனை வந்தால் அதைக் கேட்காமல் தொடவே கூடாது. அது உங்களுக்குக் கூரை, மேல்வீட்டாருக்குத் தரை.

தரையில் நிற்கும் டவர்

உங்கள் வீட்டுக்கு மூன்றில் ஏற்றது இதுதான், ஆனால் இப்போதே வேண்டாம். துளை வேண்டாம், வீடு மாறினால் கூடவே வரும், பிறகு வேண்டாமென்றால் விற்கலாம். குறை என்னவென்றால், விலை குறைந்த டவர்கள் 91 கிலோவுக்கு முன்னும் பின்னும் ஆடும். எடைத்திறன் எண்ணைவிட அடிப்பாகத்தின் நீள அகலத்தையும் டவரின் சொந்த எடையையும் பாருங்கள். கனமாக, அகலமாக இருப்பதே நிலைத்து நிற்கும். இணையத்தில் படம் பார்த்து வாங்காமல், கண்காட்சிக்கு நிறுத்தியிருக்கும் கடையில், உங்கள் வலிக்காத கையால் கைப்பிடியைப் பிடித்து முன்பின்னாக உலுக்கிப் பாருங்கள். கூட வரும் மகனைத் தொங்கச் சொல்லியும் பாருங்கள். வீட்டு உபயோகப் பயிற்சிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 20957 தரத்தின் எச் வகுப்பு என்று குறிப்பு இருந்தால் அது ஒரு நல்ல அடையாளம்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் எல்லா அறையிலும் நடுவில் காற்றாடி சுழல்கிறது. டவர் 2.2 மீட்டர் உயரம் என்றால், தாடை கம்பியைத் தாண்டும்போது உங்கள் உச்சந்தலை அதற்கும் மேலே போகும். அறையின் கூரையோ பெரும்பாலும் 2.5 முதல் 3 மீட்டருக்குள். எனவே கூரை உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. காற்றாடி இறக்கையின் முனையிலிருந்து டவர்வரை, கையை நீட்டினாலும் எட்டாத பக்கவாட்டு இடைவெளி வேண்டும். உயரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள டவர் இதற்கு உதவும். அடியில் கனமான ரப்பர் விரிப்பைப் போட்டால் டைல்ஸும் தப்பும், இரவு ஷிப்ட் முடிந்து அதிகாலையில் நீங்கள் பயிற்சி செய்யும்போது கீழ்வீட்டாரின் தூக்கமும் தப்பும். வீடு சிறியது என்ற உங்கள் மனைவியின் கவலை நியாயமானது. வாங்குமுன் அடிப்பாகத்தின் அளவைத் தரையில் பசைநாடாவால் ஒட்டி, ஒரு வாரம் அதைத் தாண்டி நடந்து பாருங்கள்.

நான் சொல்லும் வாங்கும் வரிசை

இப்போது வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஜிம்னாஸ்டிக் மர வளையங்களும் பட்டைகளும் மட்டுமே. 28 அல்லது 32 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும்; இரண்டுமே கைக்கு நன்றாக அடங்கும். பிளாஸ்டிக்கைவிட மரம் வியர்வையில் வழுக்காது. கம்பி கையை ஒரே கோணத்தில் பூட்டிவைக்கிறது. வளையமோ தோளுக்கு வசதியான கோணத்தில் தானே திரும்பிக் கொடுக்கிறது. நாற்பதைக் கடந்து, தோளில் தொந்தரவு கண்டவர்களுக்கு நான் வளையத்தையே விரும்பிச் சொல்வதற்கு இதுதான் காரணம். உங்கள் பகுதியில் விளையாட்டுத் திடலிலோ பூங்காவிலோ பார் கம்பி இருந்தால் அதில் இரண்டு நிமிடத்தில் மாட்டிவிடலாம். பிறகு டவர் வாங்கினால் அதிலும் மாட்டலாம்.

தோளைப் பரிசோதித்தவர் அனுமதித்த பிறகு, வளையத்தை இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டுக் கால் தரையில் இருக்க, பின்னால் சாய்ந்து மார்பை வளையத்தை நோக்கி இழுப்பதிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு சாய்கிறீர்களோ அவ்வளவு சுமை. ஒரு அடி முன்பின் நகர்ந்தாலே சுமையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். முழு எடையையும் ஒரேயடியாகத் தோளின்மேல் போடும் கம்பியில் இந்த வசதி இல்லை. சாய்ந்து இழுப்பது சுலபமானதும், கால் முட்டுக் கொடுத்தபடி தொங்குவது; அது வலியின்றி வந்ததும், மேலே ஏறி நின்று மூன்று முதல் ஐந்து நொடிவரை மெதுவாக இறங்குவது. முழு புல்-அப் இதற்குப் பிறகுதான். மீள்விசைப் பட்டையின் உதவியோடும் செய்யலாம். ஆனால் வெயில் படும் பால்கனியில் விட்டால் ரப்பரில் நுண்விரிசல் வரும், அறுந்தால் முகத்தில் அடிக்கும்; ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

மெதுவாக இறங்கும் பயிற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பள்ளிக்கால நினைப்பில் முதல் நாளே ஐம்பது, அறுபது முறை இறங்கிவிடுபவர்கள் உண்டு. பழகாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். கை மடக்க முடியாதபடி வீங்கி, சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இறங்கினால் போதும், அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்.

தோளுக்கு ஓய்வு வேண்டியிருக்கும் இந்த மாதங்களிலும் பயிற்சியை நிறுத்த வேண்டாம். பஸ்கி, படி ஏறுதல், வலிக்காத அளவுக்குச் சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் ஆகியவற்றுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் கால், தொடைத் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வயது வந்தோர் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குப் பயிற்சியால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலினோ, கிளிக்ளசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ பின்னால் சேர்க்கப்பட்டால் இதை மருத்துவரிடம் மறுபடி பேசுங்கள். விழித்திரைப் பரிசோதனை செய்து ஓராண்டு ஆகியிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள், ஏனெனில் விழித்திரையில் முற்றிய பாதிப்பு இருந்தால் மூச்சைப் பிடித்து இழுக்கும் பயிற்சிகள் கூடாது. 91 கிலோவில் வராத புல்-அப், சில கிலோ குறைந்ததும் வந்துவிடுவதையும் பார்க்கிறோம்.

மகனைப் பற்றி: தொங்குவதால் உயரம் வளராது. முதுகெலும்பின் இடைவட்டுகள் சற்றே விரிவதால் சிறிது நேரத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் கூடித் தெரியலாம், நடமாடியதும் பழைய அளவுக்கே வந்துவிடும். உயரத்தைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து வரும் மரபு, உணவு, தூக்கம், பொது ஆரோக்கியம். அவன் வளர்ச்சி உண்மையிலேயே பின்தங்குகிறது என்று தோன்றினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கம்பியில் தொங்கவிட்டு இரண்டு வருடம் காத்திருப்பது அவனுக்குச் செய்யும் நன்மை ஆகாது. ஆனால் பயிற்சி செய்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். சரியான முறையில், பெரியவர் மேற்பார்வையில் செய்யும் உடல் எடைப் பயிற்சி 14 வயதுப் பையனுக்கு நல்லது. வளையத்தில் ஊஞ்சலாடுவதையும் டவரின்மேல் ஏறிக் குதிப்பதையும் மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள்.

டவர் வாங்கும் நாள் வந்ததும், பெட்டியைப் பிரித்த உடனே பற்றவைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல், துளைகள், முழுதாக ஒட்டாத இடம் ஏதும் கண்டால் பூட்டாமல் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். ரசீதையும் விளம்பரத்தில் சொன்ன எடைத்திறனின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். விற்றவர் மாற்றித் தர மறுத்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் புகார் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பூட்டி முடித்த டவரின் போல்ட்டுகளை முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையும், அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையும் இறுக்கிப் பாருங்கள்.